முயல்காது முளைத்த தண்ணீர்: நீர் மூலக்கூற்று மாதிரிகள் பற்றி ஒரு வாசிப்பு

நீர் மூலக்கூறை வரையச் சொன்னால் படிவம் ஆறு மாணவர் யாரும் தயங்குவதில்லை. நடுவில் ஆக்சிஜன், கீழே இரண்டு பக்கமும் ஹைட்ரஜன், ஆக்சிஜனின் தலைக்கு மேலே இரண்டு நீள்வட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு புள்ளிகள். அந்த நீள்வட்டங்களுக்கு வேதியியலாளர்களே வைத்த செல்லப்பெயர் முயல்காது. வரைந்த கையோடு, "கோணம் ஏன் 104.5 பாகை?" என்று கேட்டுப் பாருங்கள். "காது ரெண்டும் தள்ளுது டீச்சர், அதனால பிணைப்பு ரெண்டும் கிட்ட வந்துடுது" என்று பதில் வரும். மதிப்பெண்ணும் கிடைக்கும். அந்தப் பதிலில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கதை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வேதியியல் சமாச்சாரத்துக்குத் தமிழாசிரியர் இதழில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் மாணவர்கள் வேதியியலை மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். அதே பிள்ளைகள் தமிழ்த்தாளில் அறிவியல் கட்டுரை எழுதுகிறார்கள், கருத்துணர்தலில் அறிவியல் பத்தியை வாசித்து 'ஏன்', 'எதனால்' என்ற வினாக்களுக்கு விடை சொல்கிறார்கள். ஒரு விளக்கம் காரணத்தைச் சொல்கிறதா, காரணம் மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறதா என்று பிரித்துப் பார்ப்பது நம் வகுப்பறை வேலைதான்.

'மாதிரி' என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லிலேயே கொஞ்சம் நிற்போம். ஏட்டுத் தமிழில் 'அணு மாதிரி', 'மூலக்கூற்று மாதிரி' என்றால் ஏதோ கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருள் போல ஒலிக்கிறது. 'மாதிரி வினாத்தாள்' என்றால் உண்மையான தாளின் நகல் என்று மாணவர் நம்புகிறார். ஆனால் வீட்டுப் பேச்சில் 'மாதிரி' என்றால் 'போல'. "அவன் யானை மாதிரி இருக்கான்" என்றால் தும்பிக்கையை யாரும் தேடுவதில்லை. எந்த விஷயத்தில் யானை, எந்த விஷயத்தில் இல்லை என்று கேட்பவருக்கே தெரியும். அறிவியல் மாதிரிக்குப் பொருத்தமானது இந்தப் பேச்சுவழக்குப் பொருள்தான். நீர் மூலக்கூறு முயல்காது மாதிரி இருக்கிறது. சரி, எந்த விஷயத்தில்?

பழைய கதையைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் டால்டன், நீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஒரு ஆக்சிஜன் என்றே கொண்டார். இரண்டு தனிமங்கள் சேர்ந்து ஒரே ஒரு சேர்மம்தான் தெரிந்திருக்கிறது என்றால், எளிய விகிதத்தையே எடுத்துக்கொள்வோம் என்பது அவர் விதி. 1811இல் அவகாட்ரோ வாயுக்களின் கன அளவை வைத்து இரண்டுக்கு ஒன்று என்றார். அவர் சொன்னதை உலகம் ஏற்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது. 1916இல் கில்பர்ட் லூயிஸ், இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இணையைப் பொதுவில் வைத்துக்கொள்வதே பிணைப்பு என்றார். அதே கட்டுரையில் அவர் அணுவைக் கனசதுரமாக வரைந்து, மூலைக்கு ஓர் எலக்ட்ரானை உட்கார வைத்திருந்தார். கனசதுரம் போய்விட்டது, புள்ளிகள் நின்றுவிட்டன. எது கருத்து, எது அந்தக் கருத்தைத் தாங்கி நிற்கும் சாரம் என்று காலம்தான் பிரித்துக் கொடுத்தது.

லூயிஸின் கருத்தைத் தமிழில் சொல்லும்போது ஒரு சிக்கல். 'எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக் கொள்கின்றன' என்று எழுதுகிறோம். இலங்கைப் பாடநூல்களில் 'பங்கீட்டு வலுப் பிணைப்பு' என்றே பெயர். தமிழில் பங்கிடுவது என்றால் என்ன? அப்பா விட்டுப் போன நிலத்தைப் பிள்ளைகள் பங்கிட்டால் ஆளுக்கொரு துண்டு, நடுவே வேலி. பங்கிட்ட பிறகு பொது என்று எதுவும் மிச்சமில்லை. லூயிஸ் சொன்னது இதற்கு நேர்மாறானது: இரண்டு எலக்ட்ரான்களும் இரண்டு அணுவுக்கும் சொந்தம், ஊர்க்கிணறு போல. தமிழ்நாட்டு நூல்களில் வரும் 'சகப்பிணைப்பு' இந்த விஷயத்தில் மேல். ஆனாலும் அந்தக் கிணறு நடுவில் இல்லை, ஆக்சிஜன் வீட்டுப் பக்கம் சற்றுத் தள்ளி இருக்கிறது. அதனால்தான் ஆக்சிஜன் முனையில் எதிர்மின் சாயலும் ஹைட்ரஜன் முனைகளில் நேர்மின் சாயலும் வருகின்றன. 'பங்கு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த ஒருபக்கச் சாய்வை விளக்கப் போனால் சண்டைதான் வரும்.

இனி கோணம். 104.5 பாகை என்பது அளந்து கண்ட மதிப்பு. ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடைத்தூரம் 0.0958 நானோமீட்டர், அதுவும் அளந்தது. மூலக்கூறின் இருமுனைத் திருப்புத்திறன் 1.85 டிபை, இதுவும் அளவைதான். கரிவளியைப் போல நேர்க்கோடாக இருந்திருந்தால் இந்த மதிப்பு சுழியாக இருக்கும். ஆகவே நீர் வளைந்திருக்கிறது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஏன் வளைந்திருக்கிறது, ஏன் இவ்வளவு மட்டும் என்பதில்தான் மாதிரிகள் உள்ளே வருகின்றன.

ஒரு விளக்கம்: ஆக்சிஜனின் 2பி ஆர்பிட்டால்கள் ஒன்றுக்கொன்று செங்குத்து. அவற்றில் இரண்டு ஹைட்ரஜனோடு பிணைந்தால் கோணம் 90 பாகை வர வேண்டும். ஹைட்ரஜன் இரண்டும் ஒன்றையொன்று விலக்குவதால் அது விரிந்து 104.5 ஆகிறது. இன்னொரு விளக்கம்: 1931இல் லைனஸ் பாலிங் முன்வைத்த இனக்கலப்பு. ஓர் எஸ், மூன்று பி சேர்ந்து நான்கு சம ஆர்பிட்டால்கள், அவை நான்முகியின் மூலைகளை நோக்கும், கோணம் 109.5. தனி இணைகள் கூடுதல் இடம் பிடிப்பதால் அது சுருங்கி 104.5 ஆகிறது. இந்த 'இடம் பிடித்தல்' பகுதி 1957இல் கில்லெஸ்பியும் நைஹோமும் ஒழுங்குபடுத்திய எலக்ட்ரான் இணை விலக்கக் கொள்கையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று 90இல் தொடங்கி விரிக்கிறது, மற்றது 109.5இல் தொடங்கிச் சுருக்குகிறது. இரண்டும் சரியாக 104.5இல் வந்து நிற்கின்றன. எப்படி? விடை முன்கூட்டியே தெரியும் என்பதால்தான். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வழிமுறை எழுதும் பையனை நாம் சும்மா விடுவோமா?

மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படும் 'ஒரு தனி இணைக்கு 2.5 பாகை குறையும்' என்ற சூத்திரத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். மீத்தேன் 109.5, அம்மோனியா 107, நீர் 104.5. அழகாக இருக்கிறது. தனிம அட்டவணையில் ஆக்சிஜனுக்கு நேர்கீழே கந்தகம். ஹைட்ரஜன் சல்பைடிலும் இரண்டு பிணைப்பு, இரண்டு தனி இணை. சூத்திரப்படி 104.5. அளந்தால் 92. இன்னும் கீழே செலினியம் 91, டெலுரியம் ஏறக்குறைய 90. கந்தகம் பெரிய அணு, பிணைப்பு எலக்ட்ரான்கள் மையத்திலிருந்து விலகி இருக்கின்றன, அதனால் அவற்றுக்கிடையே விலக்கம் குறைவு என்று கொள்கையைக் காப்பாற்றிவிடலாம். அந்த விளக்கத்தில் பொருளும் இருக்கிறது. ஆனால் 2.5 என்ற எண் அதோடு செத்துவிட்டது. அது மூன்று மூலக்கூறுகளைப் பார்த்து எழுதிய ஞாபகக்குறிப்பு. அதை விதி என்று பிள்ளைகளிடம் கொடுப்பது நியாயமில்லை.

இதைவிட என்னை உறுத்துவது இந்த விளக்கங்கள் தமிழில் எழுதப்படும் விதம். வழக்கமான வாக்கியம் ஏறக்குறைய இப்படிப் போகும்: ஆக்சிஜனின் எஸ், பி ஆர்பிட்டால்கள் கலந்து, நான்கு புதிய ஆர்பிட்டால்கள் உருவாகி, அவற்றில் இரண்டு ஹைட்ரஜனோடு மேற்பொருந்தி, எஞ்சிய இரண்டில் தனி இணைகள் அமர்ந்து, அவை பிணைப்புகளைத் தள்ளி, கோணம் குறைகிறது. எத்தனை வினையெச்சம் என்று எண்ணுங்கள். தமிழில் 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சத்தை அடுக்கினால் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது என்று பொருள் வந்துவிடும். வெங்காயம் வதக்கி, தக்காளி போட்டு, தண்ணீர் ஊற்றி, கொதிக்க வைத்து... அதே வரிசை. மாணவர் மனத்தில் ஆக்சிஜன் அணு முதலில் தனியாக உட்கார்ந்து தன்னைக் கலக்கிக்கொள்கிறது, அப்புறம் ஹைட்ரஜன் வருகிறது, அப்புறம் தள்ளுமுள்ளு. இனக்கலப்பு என்பது நடக்கும் நிகழ்ச்சி அல்ல. ஏற்கெனவே இருக்கும் மூலக்கூறின் எலக்ட்ரான்களை விவரிக்க நாம் தேர்ந்துகொள்ளும் ஒரு கணக்கு முறை. ஒரே சுற்றளவை அங்குலத்திலும் சொல்லலாம், சென்டிமீட்டரிலும் சொல்லலாம். அங்குலம் 'மாறி' சென்டிமீட்டர் 'ஆகி' என்று யாரும் எழுதுவதில்லை. 'இனக்கலப்பு' என்ற சொல் வேறு, ஆட்டுப்பண்ணை ஞாபகத்தைக் கொண்டுவந்து இந்தக் குழப்பத்துக்கு உரம் போடுகிறது.

இலக்கணத்திலேயே இதற்கு மருந்து இருக்கிறது: நிபந்தனை எச்சம். 'ஆர்பிட்டால்கள் கலந்து' என்பதற்குப் பதில் 'கலந்திருப்பதாகக் கொண்டால்' என்று எழுதினால் போதும், சமையல் குறிப்பு கருதுகோளாக மாறிவிடும்.

சரி, காதுகள் உண்மையில் இருக்கின்றனவா? இந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்டவர் மைக்கேல் லாயிங். 1987இல் அமெரிக்க வேதியியல் கல்வி இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே, தண்ணீருக்கு முயல்காது கிடையாது என்று தொடங்கி, மாணவர்களிடம் நாம் என்னதான் சொல்வது என்ற கேள்வியில் முடியும். அவர் வாதம் ஒளி எலக்ட்ரான் நிறமாலையை அடிப்படையாகக் கொண்டது. தெரிந்த ஆற்றலுள்ள ஒளியை மூலக்கூறின்மேல் பாய்ச்சி, வெளியே தெறிக்கும் எலக்ட்ரான்களின் வேகத்தை அளந்தால், ஒவ்வொன்றும் எவ்வளவு இறுக்கமாகப் பிடிபட்டிருந்தது என்று கணக்கிடலாம். நீரின் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள், நான்கு இணைகள். காதுகள் இரண்டும் ஒரே மாதிரி, பிணைப்புகள் இரண்டும் ஒரே மாதிரி என்றால் இரண்டே ஆற்றல்கள்தானே வர வேண்டும்? வருவது நான்கு: 12.6, 14.7, 18.5, 32.2 எலக்ட்ரான் வோல்ட். நான்கும் வெவ்வேறு.

இதில் முதல் இரண்டைக் கவனிக்க வேண்டும். 12.6இல் வருவது மூலக்கூறின் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும் ஒரு தூய 2பி ஆர்பிட்டாலிலிருந்து. அங்கிருந்து ஓர் எலக்ட்ரானை எடுத்தால் கோணம் பெரிதாக மாறுவதில்லை; 109 பாகை அளவில் நிற்கிறது. 14.7இல் வருவது தளத்துக்குள்ளேயே, இரண்டு ஹைட்ரஜனுக்கும் நடுக்கோட்டில் இருப்பது. அங்கிருந்து ஒன்றை எடுத்துவிட்டால் கிடைக்கும் அயனி நேர்க்கோடாகிவிடுகிறது. வளைவைப் பிடித்து வைத்திருப்பதில் இரண்டு இணைக்கும் சம பங்கு இல்லை என்பது இங்கே பளிச்சென்று தெரிகிறது. 'காது ரெண்டும் தள்ளுது' என்ற பதிலுக்கு இது பெரிய அடி.

2014இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வெயின்ஹோல்டும் உடன் எழுதியவர்களும் இன்னும் ஒரு படி போய், முயல்காதையும் இணை விலக்கக் கொள்கையையும் பாடத்திட்டத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எழுத்தில் நல்ல சூடு. வாசிக்கும்போது நானும் தலையாட்டிக்கொண்டே போனேன். அடுத்த ஆண்டு அதே இதழில் ஹிபர்ட்டி, டனோவிச், ஷைக் மூவரும் பதில் எழுதினார்கள். இந்த விவாதத்தில் மிக உறுதியான எழுத்து அதுதான் என்பது என் கருத்து.

அவர்கள் பதிலின் சாரம் இது. இரண்டு காதுகளும் சமம் என்றே வைத்துக்கொள்வோம். ஓர் எலக்ட்ரானை எடுத்தால், அது இடது காதிலிருந்து போயிருக்கலாம், வலது காதிலிருந்தும் போயிருக்கலாம். குவாண்டம் விதிப்படி இந்த இரண்டு நிலைகளும் கூட்டலாக ஒருமுறையும் கழித்தலாக ஒருமுறையும் சேரும். ஆகவே இரண்டு வெவ்வேறு ஆற்றல்கள் வரும். சமமான காதுகளிலிருந்தே இரண்டு முகடுகள் கிடைத்துவிடுகின்றன! இதற்கு நல்ல சாட்சி மீத்தேன். அதன் நான்கு பிணைப்புகளும் அச்சு அசலாக ஒன்றே. ஆனால் அதன் நிறமாலையிலும் 14 எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒன்று, 23 அருகே ஒன்று என இரண்டு இடங்களில் முகடு வருகிறது. அதை வைத்து மீத்தேனின் பிணைப்புகள் சமமில்லை என்று யாராவது சொல்கிறார்களா? இல்லை. அப்படியென்றால் நீரின் முகடுகளை மட்டும் வைத்துக் காதை அறுக்க முடியாது. கணிதத்தில் இரண்டு விவரிப்புகளையும் ஒன்றிலிருந்து ஒன்றாகத் திருப்பி எழுதலாம். மொத்த எலக்ட்ரான் அடர்த்தி மாறாது.

ஆக வழக்கு என்ன ஆனது? லாயிங் தரப்பு, காது என்பது கண்ணால் காணும் உறுப்பு அல்ல என்று நிறுவிவிட்டது. மொத்த அடர்த்தியை வரைந்தால் இரண்டு காதுகள் நீட்டிக்கொண்டு தெரிவதில்லை. எதிர்த்தரப்பு, காது பொய் அல்ல, ஒரு விவரிப்பு என்று நிறுவிவிட்டது. என் தீர்ப்பைக் கேட்டால்: காதைப் படத்தில் வைத்துக்கொள்ளலாம், 'ஏனென்றால்' என்ற சொல்லுக்குப் பின்னால் வைக்கக் கூடாது. எத்தனை ஹைட்ரஜன் பிணைப்புகளை ஏற்கலாம் என்று எண்ணிப் பார்க்கக் காது உதவுகிறது. பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறையும் சுற்றி நான்கு அண்டைவீட்டார், இரண்டு கொடுத்து இரண்டு வாங்கி. அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க இதைவிட எளிய படம் கிடையாது. 104.5க்குக் காரணம் கேட்கும்போதுதான் காது நம்மை ஏமாற்றுகிறது.

கணினியில் நீரை உருவகிப்பவர்களைப் பார்த்தால் இந்த விஷயம் இன்னும் தெளிவாகும். அவர்களுக்கு வெட்கமே கிடையாது, நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன். 1981இல் பெரெண்ட்சனும் குழுவினரும் அமைத்த எஸ்பிசி மாதிரியில் பிணைப்புக் கோணம் 109.47, நீளம் 0.1 நானோமீட்டர். இரண்டும் 'தவறு', தெரிந்தே வைத்த தவறு. மூலக்கூறின் உள்ளே இருப்பதைச் சொல்வது அவர்கள் நோக்கம் அல்ல; நீர்மத் தண்ணீரின் நடத்தை சரியாக வர வேண்டும். 1983இல் ஜோர்கென்சன் குழுவினரின் டிஐபி4பி மாதிரி, எதிர்மின்னை ஆக்சிஜனிலிருந்து எடுத்து 0.015 நானோமீட்டர் தள்ளி, ஹைட்ரஜன்களின் பக்கம் வைத்தது. அங்கே அணு எதுவுமே இல்லை! 2000இல் மஹோனியும் ஜோர்கென்சனும் டிஐபி5பி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் இரண்டு காதுகளும் எதிர்மின்னோடு உட்கார்ந்திருக்கின்றன. 4 பாகை செல்சியஸ் அருகே நீர் அடர்த்தி உச்சமடையும் விந்தையை அது நன்றாகக் காட்டியது. அப்போ காதுதான் சரியா? அவசரப்பட வேண்டாம். 2005இல் அபாஸ்கால், வேகா இருவரும் காதில்லாத டிஐபி4பியைத் திருத்தி வெளியிட்ட மாதிரியும் அதே உச்சத்தைக் காட்டுகிறது. பனிக்கட்டியின் பல வடிவங்களையும் சேர்த்து ஒட்டுமொத்தமாக ஐந்து புள்ளி மாதிரியைவிட நன்றாக ஓடுகிறது.

தேர்வு எழுதும் மாணவர்கள் இதை வைத்து என்ன செய்வது? வேதியியல் தாளில் பாடத்திட்டம் கேட்கும் விடையையே எழுதுங்கள்; தேர்வறையில் புரட்சி வேண்டாம். தமிழ்த்தாளில் அறிவியல் கட்டுரை எழுதும்போது உங்களுக்குச் சுதந்திரம் உண்டு. "நீர் மூலக்கூறின் கோணம் 104.5 பாகை என அளவிடப்பட்டுள்ளது" என்று அளந்ததை ஒரு வாக்கியத்தில் வையுங்கள். "தனி இணைகள் கூடுதல் இடம் பெறுகின்றன எனக் கொண்டால், நான்முகிக் கோணத்திலிருந்து இந்தக் குறைவை விளக்கலாம்" என்று மாதிரியை அடுத்த வாக்கியத்தில் வையுங்கள். இரண்டையும் 'ஆகையால்' போட்டு ஒட்டாதீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. மேலே நான் கொடுத்த அந்த வினையெச்சச் சரத்தைக் கரும்பலகையில் எழுதி, எது அளந்தது, எது கொண்டது என்று இரண்டு நிறத்தில் கோடிடச் சொல்லுங்கள். பிறகு அதையே நிபந்தனை எச்சம் வைத்துத் திருப்பி எழுதச் சொல்லுங்கள். அந்த நீண்ட சரத்தில் அளந்தது என்று கோடிடக் கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒன்றுதான் கிடைக்கும்: கோணம். மீதியெல்லாம் ஒரே நிறத்தில் நிற்பதைப் பார்த்ததும் வகுப்பில் யாராவது ஒருவர், "அப்ப இதெல்லாம் கதையா டீச்சர்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு ஹைட்ரஜன் சல்பைடின் 92ஐ எழுதிக் காட்டி, எந்தக் கதை இதற்கும் தாங்குகிறது என்று அவர்களையே சோதிக்க விடுங்கள்.